பெட்டி வேண்டாம்

சிட்டையில் பதினேழாவது: மெஜிக்காரர்.
பதினாறு, ஐஸ்கிறீம் வண்டில்.
பதினெட்டு, மணவறைப் பூவுக்கு மிச்சக் காசு.

சூரிச்சிலிருந்து முப்பத்தொரு பேர் வருகினம்,
அதில் பிள்ளைகள் மட்டும் பதினொன்று.
தாலி ஏறிய பிறகு
வீடியோக்காரன் தங்கச்சியையும் மாப்பிள்ளையையும்
வாழைக்குலைக்குக் கீழே நிற்பாட்டி
இரண்டு மணித்தியாலம் சிரிக்க வைப்பான்.
அதுவரைக்கும் ஜேர்மன் கதைக்கிற பிள்ளைகளை
ஆர் மேய்க்கிறது?
"வாய் திறக்காமல் வேலை செய்யிற ஆளாய்ப் பிடி"
என்றார் அப்பா.

குருநகர் றெஜினோல்ட்.
தொலைபேசியில் அவர் வாய் ஓயவேயில்லை.
கயிறு, வளையம், முட்டை, புறா ரெண்டு,
முப்பத்தையாயிரம், வான் கூலி புறம்பு,
"கடைசியாத்தான் தம்பி பெட்டி."

பெட்டி எண்டால்?

"சபையில இருந்து ஒராளைக் கூப்பிட்டு
உள்ளுக்கு விட்டுச் சாத்துவன்.
திறந்தால் ஆள் இல்லை.
திருப்பிச் சாத்தி மூண்டு தட்டுத் தட்டித் திறந்தால்
நிப்பார். சிரிச்சுக்கொண்டு நிப்பார்."

பெட்டி வேண்டாம் அண்ணை.

"பெட்டி இல்லாட்டி
மீன் போடாத கூழ் மாதிரியெல்லே இருக்கும்!"

மண்டபத்தில் இடம் காணாது என்றேன்.
கோண்டாவிலில் அந்த மண்டபம்
எண்ணூறு கதிரை பிடிக்கும்.
அவருக்கும் அது தெரியும்,
போன மாதம் அங்கேதான் புறா விட்டவர்.

கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும்.
பிறகு, குரலைத் தணித்து,
"உங்கடை வீட்டிலயோ?"

மாமி, என்றேன். அம்மாவின் தம்பி பெண்சாதி.
மகனின் பெயரை நான் சொல்லவில்லை,
அவரும் கேட்கவில்லை.

"இந்த வருசம் நீங்கள் மூண்டாவது ஆள்.
சரி. நாலாயிரம் குறைச்சுக்கொள்ளுவம்."

கலியாணத்தன்று
கறுப்புக் கோட்டுக்குள் அவர் வேர்த்து ஒழுகினார்.
மூன்று மின்விசிறியில் ஒன்றுதான் சுற்றியது.
வளையத்துக்குள் வளையம் போனது.
சூரிச்சுப் பெடியன் ஒருவன்
கோட்டுக்குள் கையை விட்டு
முட்டையை வெளியே எடுத்துவிட்டான்.
புறா ஒன்று சம்பந்தியின் பட்டுவேட்டியில்
தன் கருத்தைச் சொல்லிவிட்டுப் போய்
மணவறை முகட்டில் குந்தியது.
எல்லாரும் சிரிக்க, சம்பந்தியும்
வேறு வழியில்லாமல் சிரித்தார்.

மூன்றாவது வரிசையில்
இராசமலர் மாமி குங்குமச்சிமிழைக் கவனமாய்
மடியில் வைத்துக்கொண்டு கைதட்டினா.
நல்ல பிள்ளை நான், என்று நினைத்தேன்,
எல்லாவற்றையும் யோசித்துச் செய்திருக்கிறேன்.

மிச்சக் காசோடு பின்பக்கம் போனபோது
சமையல் கொட்டிலுக்கு அருகில்
வானின் பின்கதவு திறந்திருந்தது.
உள்ளே பெட்டி.
சிவப்பும் தங்கநிறமும் அடித்து,
இறக்கி வைக்க அவர் வீட்டில் இடமில்லையாம்,
எங்கே போனாலும் கூடவே போகுமாம்.

அதற்கு முன்னால் மாமி.
ஒரு கையில் அவருக்குக் கொண்டுவந்த சாப்பாட்டுப் பார்சல்.
மற்றக் கையால் பலகையைத் தட்டினா.
ஒருக்கால். திருப்பி ஒருக்கால்.
மூன்றாம் தரம் தட்டவில்லை.

"இதுக்குள்ள காத்து வாறதுக்கு
ஓட்டை இருக்கோ?"

றெஜினோல்ட் என்னைப் பார்த்தார்.
நான் காசு உறையைப் பார்த்தேன்.

"இருக்கம்மா. பின்னுக்கு ரெண்டு."

மாமி குனிந்து, சுற்றிப் போய்,
ஒன்றுக்குள் சுட்டுவிரலை விட்டுப் பார்த்தா.
"காணாது," என்றா.
"இன்னும் ரெண்டு போடுங்கோ தம்பி."
பார்சலைக் கொடுத்தா.
"பாயாசம் புறம்பாய்க் கட்டியிருக்கு, ஊத்திப்போடாதேங்கோ."

பூக்காரருக்குக் கணக்குத் தீர்க்கும்போதுதான் பார்த்தேன்,
நாலாயிரத்தைக் கழிக்காமல்
முழுக்காசும் கொடுத்திருக்கிறேன்.
அவரும் எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினவர்.